கரும்பு செய்யாத குற்றம்

என் கணவர் முப்பது வயதுவரை கரும்பைத் தொட்டதில்லை. பொங்கலன்று ஊரே கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருக்க, எங்கள் வீட்டில் மட்டும் படையல் முடிந்ததும் அதைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் மாட்டுக்குப் போட்டுவிடுவார்கள். காரணம், அவருடைய இடது கண். அது சென்னையில் அளவெடுத்துச் செய்த கண். சொந்தக் கண்ணை, அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது கரும்புத் தோகை கிழித்துவிட்டது என்பது வீட்டுக் கதை.

அந்தக் கதையை நான் முதலில் கேட்டது தரகர் வாயால். தொண்ணூறுகளின் கடைசி. நான் விலங்கியலில் பி.எஸ்சி. முடித்துவிட்டு, அம்மையார்குப்பத்தில் ஒரு தனியார் பள்ளியில் தவளையின் இதயத்துக்கு எத்தனை அறைகள் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். பெண் பார்க்க வருவதற்கு முன்பே தரகர் என் அப்பாவிடம் விஷயத்தை உடைத்துவிட்டார்.

"பையனுக்கு ஒரு கண்ணு இல்லீங்க. ஆனா வியாதி இல்ல, விபத்து. வியாதின்னா ரத்தத்துல வரும். கரும்பு ரத்தத்துல வருமா?"

வராது என்று என் அப்பா ஒப்புக்கொண்டார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குக் குறை இருக்கலாம். குறைக்கு ஒரு நல்ல காரணம் இருந்தால் போதும். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய வலது கண் கேசரித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. செய்த கண் மட்டும் என்னைவிட்டு அகலவே இல்லை. என்னை இவ்வளவு கவனமாக ஒருவரும் பார்த்ததில்லையே என்று நினைத்துச் சம்மதித்துவிட்டேன்.

திருத்தணியில் மலையடிவாரத்தில் அவர்கள் வீடு. நிலம் கே.ஜி.கண்டிகைப் பக்கம். கல்யாணமான புதிதில் மாமனார் என்னை நிலத்துக்கு அழைத்துப்போய், "இங்கதாம்மா" என்று காட்டினார். கண்ணுக்கெட்டிய தூரம் வேர்க்கடலைச் செடி. கரும்பு ஒன்றுகூட இல்லை. கண் போன மறுநாளே அரை ஏக்கர் கரும்பையும் வெட்டி எறிந்துவிட்டாராம். அதற்கப்புறம் அந்த மண்ணில் கரும்பு நட்டதில்லை. கதையை யாராவது சந்தேகப்பட்டால் உறவினர்கள் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பொய்யென்றால் விளைந்த கரும்பை எவனாவது வெட்டுவானா?

அந்த வருஷத்து ஆடிக் கிருத்திகைக்கு நான் மாமியாரோடு முருகன் கோயில் படி ஏறினேன். எங்கள் வழக்கப்படி மாமியாரை 'அத்தை' என்றுதான் கூப்பிடுவேன். அடிவாரக் கடையில் அத்தை ஒரு ஜோடி கண்மலர் வாங்கினாள். வெள்ளித் தகட்டில் கண் வடிவமாக அடித்தது. கண் நோய் தீர வேண்டுமென்று உண்டியலில் போடுவார்கள். மேலே போனதும் உண்டியலில் ஒன்றைப் போட்டாள். இன்னொன்றை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஏன் அத்தை, ரெண்டையும் போடலியா?"

"ஒரு கண்ணத்தான் அவன் ஏற்கெனவே எடுத்துக்கினானே. இருக்கிற ஒண்ணுக்கு ஒண்ணு போட்டா போதும். ரெண்டு குடுக்க நான் இன்னா இளிச்சவாயா?"

கும்பலில் காவடியோடு நின்ற ஒருவர் திரும்பி அத்தையை முறைத்தார். "நீ இன்னாத்துக்கு மொறைக்கிற? உனக்கு ரெண்டும் இருக்குது" என்றாள் அத்தை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பில்தான் நான் கவனிக்க வேண்டியதைக் கவனிக்காமல் விட்டேன் என்று பின்னால் பல தடவை என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாயிரமாம் வருஷம் பிறந்த கையோடு மகள் பிறந்தாள். பதற்றப்படுவதை நான் அதுவரை பகுதிநேரமாகச் செய்துவந்தேன். அன்றிலிருந்து முழுநேர வேலையாயிற்று. குழந்தை தூங்கினால் மூச்சு இருக்கிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பேன். விரல் வைத்ததில் அவள் விழித்து அழுதால், ஏன் இப்படி அழுகிறாள் என்று பதறுவேன். ஒரு வயதில் மலையில் மொட்டை போட்டுக் காது குத்தினோம். தலை முழுக்கச் சந்தனத்தோடு அடிவாரத்து ஸ்டூடியோவில் படம் எடுத்தோம். படம் வந்தபோது எல்லோரும் சந்தனத்தைப் பார்த்தார்கள். நான் கண்ணைப் பார்த்தேன். ஃபிளாஷ் வெளிச்சத்தில், கணவரின் செய்த கண்ணைத் தவிர, எங்கள் எல்லோருடைய கண்மணியிலும் சிவப்புப் புள்ளி இருந்தது. மகளின் வலது கண்ணில் சிவப்பு. இடது கண்ணில் மோர் ஊற்றியதுபோல வெள்ளை.

"அது ஃபிலிமோட கோளாறு" என்றார் கணவர். ஸ்டூடியோக்காரர், குழந்தை ஆடியதுதான் கோளாறு என்றார். அத்தை படத்தை வாங்கிப் பார்த்தாள். திருப்பிக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். அன்று சாம்பாரில் உப்பு இல்லை.

மறுவாரம் சென்னையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எங்களைப் பார்த்தவர் ஒரு பெண் டாக்டர். மகளுக்கு மயக்க மருந்து கொடுத்து, கண்ணின் பின்சுவர்வரை பார்த்துவிட்டு வந்து, இப்போதைக்கு ஒன்றுமில்லை என்றார். ஃபிளாஷ் ஒரு கோணத்தில் நரம்பின்மேல் பட்டாலும் அப்படித் தெரியுமாம். அதைச் சொல்லிக்கொண்டே என் கணவரை உற்றுப் பார்த்தார்.

"உங்க இடது கண் எப்படிப் போச்சு?"

"கரும்புத் தோகைங்க."

"நல்லா தெரியுமா? குழந்தைகளுக்கு விழித்திரையில ஒரு புற்றுநோய் வரும். சின்ன வயசுல கண்ணை எடுத்திருக்காங்கன்னா அதுவா இருக்கலாம். அதுன்னா சிலருக்குப் பரம்பரையா வரும். அப்படி இருந்தா உங்க பொண்ணை நாலஞ்சு வாரத்துக்கு ஒருதரம் இதே மாதிரி மயக்கம் குடுத்துப் பார்க்கணும், பல வருஷத்துக்கு. அடிபட்டுப் போனதுன்னா வேண்டாம். அதனாலதான் கேக்குறேன்."

மாதாமாதம் மயக்க மருந்து என்றதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. "கரும்புதான் டாக்டர். சந்தேகமே இல்லை. அந்த வயலையே நான் பார்த்திருக்கேன்."

நான் பார்த்தது வேர்க்கடலை. ஆனால் அந்த நிமிஷம் என் கண்முன் கரும்பு ஆளுயரத்துக்கு நின்றது. டாக்டர் கோப்பில் 'காயம்' என்று எழுதி எங்களை அனுப்பிவிட்டார். திரும்பும்போது ரயிலில் மகளுக்குப் பலூன் வாங்கிக் கொடுத்தேன். பி.எஸ்சி. படித்தவள், ஒரு தரகர் சொன்னதை டாக்டரிடம் சாட்சியாகச் சொல்லிவிட்டு, பலூனோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஆடிக் கிருத்திகை வருவதற்குள் ஆறேழு மாதம் ஓடிவிட்டது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தையோடு படி ஏறினேன். புஷ்பக் காவடிகள், அரோகரா, மிதிபட்ட சாமந்தி. கடையில் அத்தை இந்தத் தடவை இரண்டு ஜோடி வாங்கினாள். உண்டியலில் வழக்கம்போல ஒரு கண் விழுந்தது. ஒன்று முந்தானைக்குப் போயிற்று. பிறகு இரண்டாவது ஜோடியைப் பிரித்தாள். கண்ணை மூடிக்கொண்டு எதையோ முணுமுணுத்தாள். இரண்டையும் சேர்த்துப் போட்டாள்.

"அது யாருக்கு அத்தை?"

"புள்ளைக்குத்தான்."

இறங்கும்போது பாதிப் படியில் நின்றுவிட்டேன். எங்கள் வீட்டில் பேத்திக்கு முடி வேண்டிக்கொண்டார்கள். எடைக்கு எடை வெல்லம் வேண்டிக்கொண்டார்கள். அதெல்லாம் சரி. கண்ணை ஏன் வேண்டிக்கொள்ள வேண்டும்? கரும்பு கிழித்த வீட்டில் குழந்தையைத் தோட்டத்துக்கு அனுப்பாமல் இருந்தால் போதுமே. அதுவும், சாமியோடு பேரம் பேசி ஒற்றைக் கண் போடுகிறவள், இங்கே பேசாமல் இரண்டையும் கொடுத்தாள். அத்தை இளிச்சவாய் ஆகும் அளவுக்கு எதற்கோ பயந்திருக்கிறாள்.

படியோரமாக உட்கார்ந்தேன். "அத்தை, கரும்பு ரத்தத்துல வருமா?"

அவளும் உட்கார்ந்தாள். காவடிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போயின. மகள் கீழே கிடந்த பூவை வாயில் போடப் பார்த்தாள். அத்தை அதைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பேசினாள்.

"பூனைக் கண்ணு மாதிரி மின்னிச்சிம்மா. வெளக்காண்ட வந்தான்னா இந்தக் கண்ணு மட்டும் பளிச்சுனு. அழகா இருக்குதுன்னு அக்கம்பக்கம் எல்லாருக்கும் கூப்ட்டுக் காட்டினேன், மூதேவி நானு. அப்பறம் பட்டணத்துக்கு இட்டுகினு போனோம். கண்ண எடுக்கலன்னா மூளைக்கு ஏறிடும், புள்ள தங்காதுன்னாங்க. எடுத்துட்டாங்க. வரும்போது இன்னொண்ணும் சொன்னாங்க. இவன் பெரியவனாயி இவனுக்குப் பொறக்கிறதுக்கும் வரலாம், பாத்துக்கோன்னு."

"அப்புறம் கரும்பு?"

"நீதான் சொல்லேன், வியாதின்னா எவன் பொண்ணு குடுப்பான்? உங்கப்பன் குடுத்திருப்பாரா?"

"மாட்டார்."

"அப்ப நீ எங்க இருந்திருப்ப? இந்தக் குட்டி எங்க இருந்திருப்பா? இப்ப வந்து என்னிய கேக்குற."

அந்தப் படம் வந்தபோதாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "டாக்டரம்மா ஒண்ணும் இல்லன்னுட்டாங்கன்னு நீதானே சிரிச்சிக்கினு வந்த" என்றாள். அதுவும் உண்மைதான். டாக்டர் அப்படி அனுப்பியது என் சாட்சியத்தால்தான் என்று அத்தைக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து அவள் தகரப் பெட்டியைத் திறந்தாள். மஞ்சள் துணி மூட்டை ஒன்றுக்குள் ஆஸ்பத்திரிச் சீட்டு, நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கிழிந்து இருந்தது. ஆங்கிலத்தில் நோயின் பெயர் தெளிவாக எழுதியிருந்தது. நான் வருவதற்கு முன் அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான், அவர் கண்ணில் மட்டும் படாமல் முப்பது வருஷம் அது பத்திரமாக இருந்திருக்கிறது. சீட்டைச் சுற்றிக் கை நிறைய ஒற்றைக் கண்மலர்கள். அத்தனையும் என்னையே பார்த்தன. டாக்டரிடம் என்ன சொன்னாய் என்று கேட்பதுபோல இருந்தது.

கணவர் அரக்கோணத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். சாயங்கால ரயிலில் வந்து காப்பியோடு உட்கார்ந்தவரிடம் சீட்டைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். அவருக்கு முதலில் கோபம் வரவில்லை.

"அப்ப கரும்பு?"

"அது ஒண்ணும் பண்ணலடா" என்றாள் அத்தை.

"முப்பது வருஷமா ஒரு துண்டு கரும்பு தின்னலியேம்மா நானு! ஸ்கூல்ல எல்லாரும் தின்னாங்க, நான் பாத்துகினு நின்னேன்!"

"அதான் பல்லு நல்லா இருக்குது."

"நைனா, உனக்கும் தெரியுமா?"

மாமனார் செய்தித்தாளைத் தாழ்த்தினார். "ஆங்."

"தெரிஞ்சிகினேவா அரை ஏக்கர வெட்டின?"

"உங்கம்மா சொன்னா" என்றார். செய்தித்தாள் மறுபடி உயர்ந்தது.

அதற்கப்புறம்தான் கணவர் மகளைத் தூக்கி ஜன்னலடிக்குக் கொண்டுபோய், அவளுடைய இடது கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் ஒற்றைக் கண்ணால் அவள் கண்ணுக்குள் என்ன தேடினார் என்று நான் கேட்கவில்லை. நானும் டார்ச் லைட்டோடு அதையே தேடத் தொடங்கியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் கோப்பைப் புரட்டினார். "கரும்புன்னு சொன்னது நீங்கதானே? வயலைப் பார்த்தேன்னு வேற சொன்னீங்க."

"சொன்னேன்" என்றேன். வேறென்ன சொல்ல? திட்டினார். நியாயமாகத் திட்டினார். ஆறேழு மாதம் யாரும் பார்க்காமல் விட்ட கண்ணை அன்றைக்கே பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் நாங்கள் நாலு பேர். அத்தை முருகனைக் கூப்பிடவே இல்லை, அவ்வளவு பயம். கண் சுத்தமாக இருந்தது. ஆனால் இன்று சுத்தமாக இருப்பது நாளைக்குச் சாட்சி இல்லை. இனி நாலு வாரத்துக்கு ஒருமுறை வர வேண்டும். கூடவே ரத்தப் பரிசோதனை ஒன்று இருக்கிறது, ஆராய்ச்சிக் கூடத்தில் செய்கிறார்கள், மாதக்கணக்கில் ஆகும் என்றார்.

நாலு வாரத்துக்கு ஒருமுறை என்பது சொல்வதற்குச் சுலபம். மயக்கம் கொடுக்க வேண்டுமென்றால் விடிந்ததிலிருந்து குழந்தைக்குப் பால் கூடாது. விடிகாலை ரயிலில் ஏறினால் அரக்கோணம் தாண்டுவதற்குள் இட்லி, வடை, டீ என்று பெட்டி முழுக்கச் சாப்பாட்டு வாசனை. மகள் ஒவ்வொரு கூடையையும் பார்த்துக் கை நீட்டுவாள். டீக்காரர் வந்தால் அவள் பார்க்காதபடி அத்தை முந்தானையை விரித்துத் திரை போடுவாள். ஒருநாள் எதிர் சீட்டில் ஒருவர் பொட்டலத்தைப் பிரித்தார். "யோவ், கொழந்த பட்டினியா கீது, நீ அந்தாண்ட போயித் துன்னு" என்றாள் அத்தை. பாவம், அவர் எழுந்து வாசலில் நின்று சாப்பிட்டார். நானும் அன்றெல்லாம் சாப்பிட மாட்டேன். அதனால் மகளுக்கு ஒரு பயனும் இல்லை என்று தெரியும். இருந்தாலும்.

இதற்கிடையில் ஆராய்ச்சிக் கூடத்திலிருந்து ஒரு மாணவி வீட்டுக்கே வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். குடும்பத்தில் எல்லோருடைய ரத்தமும் வேண்டும், வம்சப் படம் ஒன்றும் வரைய வேண்டும் என்றாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், நோய் வந்தவருக்குக் கறுப்பு. என் கணவரின் சதுரத்தை அவள் கறுப்பாக்கியபோது அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

படம் மேலே ஏற ஏறச் சிக்கல் ஆயிற்று. அத்தை கட்டிக்கொண்டது அவள் தாய்மாமனை. அத்தையின் அம்மா கட்டிக்கொண்டதும் ஓர் அத்தை மகனை. கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரே மனுஷர் இரண்டு இடத்தில் முளைத்தார். மாணவி அழித்து அழித்துத் தாள் கிழிந்துவிட்டது.

"பாட்டி, இவர் உங்களுக்கு மாமாவா, வீட்டுக்காரரா?"

"ரெண்டும்தான். ஏம்மா, நாங்க வசதியாத்தான் வாழ்ந்துகினு இருக்கோம், நீ கோடு போடத்தான் கஷ்டப்படுற. அடுத்த தபா பெரிய பேப்பரா எடுத்தாந்துடு."

சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அத்தை, ஊசி குத்திய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டே, சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டாள். "சொந்தத்துல கட்டிக்கினதாலதான் வந்திச்சா?"

அவள் குரல் எனக்குப் புதிது. முப்பது வருஷமாக அவள் கரும்பைப் பற்றிப் பேசியதெல்லாம் இந்த ஒரு கேள்வியை யாரும் கேட்டுவிடக் கூடாது என்றுதான் என்று அப்போது தோன்றியது.

"சில நோய் அப்படி வரும் பாட்டி. இது அப்படி இல்லை" என்றாள் மாணவி. பிறகு எனக்காக விளக்கினாள். விழித்திரை உண்மையில் மூளையின் ஒரு பகுதி. கருவில் மூளையிலிருந்து ஒரு மொட்டு முன்னால் நீண்டு வந்து கண்ணாகிறது. அந்தப் பிஞ்சுச் செல்கள் ஒன்று இரண்டாக, இரண்டு நாலாகப் பெருகிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் போதும் என்று அவற்றை நிறுத்த ஒரு ஜீன் இருக்கிறது. எல்லோருக்கும் அதில் இரண்டு பிரதி, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. சிலர் பிறக்கும்போதே ஒன்று பழுதாகிப் பிறக்கிறார்கள். விழித்திரையில் ஏதாவது ஒரு செல்லில் மற்றதும் பழுதானால் நிறுத்த ஆளில்லை, கட்டி வளர்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். மூன்று வருஷப் பட்டப்படிப்பு தலையாட்டத்தான் கற்றுக் கொடுத்திருந்தது.

அத்தை, "இரும்மா" என்றாள். "பந்தியில உக்காந்துகினு இருக்கிறோம். பரிமாறுறவன் சோத்தக் கொட்டிக்கினே போறான். போதும்னு இலைக்கு மேல கைய வெக்கிறோம். ரெண்டு கை இருக்குது, ஒண்ணு கட்டிப்போட்டிருந்தாலும் இன்னொண்ண வெச்சி மறிச்சிக்கலாம். ரெண்டும் இல்லன்னா சோறு இலையெல்லாம் வழிஞ்சி மடியில கொட்டும். அதானே?"

மாணவி பேனாவை மூடினாள். "பாட்டி, எங்க ப்ரொஃபஸர் இதைச் சொல்ல ஒரு மணி நேரம் எடுத்துக்குவார்."

"அவரு பந்தியில உக்காந்திருக்க மாட்டாரு" என்றாள் அத்தை.

என் கணவருக்குப் பழுது கண்ணில் மட்டும் நடந்ததா, உடம்பு முழுக்க இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. ஒரு கண்ணில் மட்டும் வந்தவர்களுக்கு எப்படியும் இருக்கலாமாம். ரத்தத்திலும் இருந்தால், மகளுக்கு அவர் கொடுத்தது நல்ல பிரதியா, பழுதான பிரதியா என்பது இரண்டாவது கேள்வி. அது பூவா தலையா. முதல் கேள்விக்கு விடை தெரியாமல் இரண்டாவதைப் பார்க்க முடியாது. எதைத் தேடுவது என்றே தெரியாது.

அந்த வருஷம் முழுவதும் எங்கள் வீட்டில் டார்ச் லைட்டுக்கு பாட்டரி நின்றதில்லை. மகள் நான் டார்ச்சை எடுத்தாலே தானாக வந்து கண்ணை அகல விரித்து நிற்பாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அப்படியே நின்று காட்டுவாள். எதிர் வீட்டம்மா இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துத் தன் பேரனுக்கும் சொல்லிக்கொடுத்தாள். நான் அந்தப் பையன் கண்ணையும் பார்த்துவைத்தேன். நன்றாக இருந்தது.

முதல் கடிதம் வந்தது. கணவருடைய ரத்தத்தில் பழுது இருந்தது. எந்த இடத்தில் என்றுகூடக் கண்டுபிடித்திருந்தார்கள். உடம்பில் எங்காவது புதிதாகக் கட்டி தென்பட்டால் அலட்சியம் செய்யாமல் வர வேண்டும் என்று டாக்டர் அவரிடம் சொன்னார். அவர் மகளைப் பற்றித்தான் கேட்டார். அடுத்த மாதம் என்றார்கள். அந்த மாதம் நான் என் மனத்துக்குள் தரகரைக் கொன்றேன், அத்தையைக் கொன்றேன், சம்மதம் சொன்ன என்னையும் இரண்டு தடவை கொன்றேன். அப்புறம் மகள் வந்து கண்ணை விரித்து நிற்பாள். இவள் இல்லாமல் நான் எங்கே இருந்திருப்பேன் என்று அத்தையின் வாதத்துக்கே திரும்பி வந்துசேர்வேன்.

அடுத்த மாதம் டாக்டரின் அறையில் அந்த மாணவியும் இருந்தாள். நாங்கள் உட்காருவதற்குள் அவள் சிரித்துவிட்டாள். டாக்டர் அவளை முறைத்துவிட்டு எங்களிடம் சொன்னார்.

"குழந்தைக்கு அந்தப் பழுது இல்லை. அப்பா குடுத்தது நல்ல பிரதி. இனி மயக்கம் குடுத்துப் பார்க்க வேண்டியதில்லை."

நான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சொன்னார். எழுதித் தரச் சொன்னேன். எழுதிக் கொடுத்தார். ரத்தம் மாறியிருக்க வாய்ப்பில்லையே என்று கேட்டேன். கணவர் என் கையைப் பிடித்து எழுப்பினார். மகள் அன்று காலையிலிருந்து பட்டினி. வாசலில் கண்ட முதல் கடையில் பால் வாங்கிக் கொடுத்தோம். இரண்டு டம்ளர் குடித்தாள்.

மாமனார், அத்தை இருவருடைய ரத்தத்திலும் ஒன்றும் இல்லை என்று மாணவி சொன்னாள். பழுது என் கணவர் உருவானபோது புதிதாக ஏற்பட்டதாம். பிரதி எடுக்கும்போது எப்போதாவது அப்படி நடக்குமாம், யார் செய்த தப்பும் இல்லையாம். அத்தை அந்தச் சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். சென்னையிலிருந்து அன்று பஸ்ஸில் திரும்பினோம். கனகம்மாசத்திரத்தில் பஸ் நின்றபோது, வண்டியில் ஒருவர் கரும்புச்சாறு பிழிந்துகொண்டிருந்தார். கணவர் இறங்கினார். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று வாங்கினார். கண்டக்டர் விசில் ஊதியும் ஏறவில்லை. மூன்றாவது கிளாஸோடு ஏறி, முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இன்னாங்க?" என்றேன்.

"இவ்ளோதானா இது? ஒரே தித்திப்பு" என்றார். முப்பது வருஷத்துப் பகைக்கு அது தகுதியாகவே இல்லை என்ற ஏமாற்றம் அவர் முகத்தில் இருந்தது. மூன்றாவது கிளாஸை மாமனார் வாங்கிக் குடித்தார். "ஆங், நம்ம கரும்பு நல்லா இருந்திச்சி" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிக நீளமான வாக்கியம் அது.

அடுத்த ஆடிக் கிருத்திகை வந்தது. கடையில் அத்தை கண்மலர் வாங்கவில்லை. மேலே உண்டியலுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"ஏன் அத்தை, இந்த வருஷம் ஒண்ணுகூட இல்லியா?"

"எம்புள்ளைக்கு அந்த வியாதிய நான் குடுக்கல, உங்க மாமா குடுக்கல, கரும்பும் பண்ணல. அப்ப வேற யாரு? முன்னாடி எனக்கு இவன்மேல சந்தேகம்தான். இப்ப லேப்புல சீட்டே குடுத்துட்டாங்க."

"பேத்திய விட்டுட்டானே அத்தை."

"அதுக்குத்தான் முட்டி வலிக்க வலிக்கப் படி ஏறி வந்தேன். அது போதும் அவனுக்கு."

தகரப் பெட்டியில் இருந்த ஒற்றைக் கண்களை அதற்கு முந்தைய வாரமே ஆசாரியிடம் கொடுத்து, அதோடு கொஞ்சம் வெள்ளி சேர்த்து, பேத்திக்குக் கொலுசு செய்திருந்தாள். சாமிக்கு என்று வாங்கியதாயிற்றே என்று நான் இழுத்தபோது, "அவன்கிட்ட குடுக்காதது எல்லாம் நம்மளுதுதான்" என்று முடித்துவிட்டாள். மகள் அந்தக் கொலுசோடு மண்டபத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். அத்தை அவளைப் பிடிக்கப் போனாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் என் கைப்பையில் இருந்தது. எங்கே போனாலும் எடுத்துக்கொண்டுதான் போவேன். அதை நான் நம்பினேன். பிரதி, பழுது, பூவா தலையா, எல்லாவற்றையும் நம்பினேன். அடிவாரத்தில் அத்தை அர்ச்சனைத் தட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது நான் அவளுக்குத் தெரியாமல் வாங்கிய ஒரு ஜோடி கண்மலரும் அதே கைப்பையில்தான் இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இரண்டையும் உண்டியலில் போட்டேன். தகடு உள்ளே விழுந்த சத்தம் இவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்று நான் நினைக்கவில்லை.

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அத்தை பின்னால் நின்றிருந்தாள்.

"ரெண்டுமா போட்ட?" என்றாள். "படிச்ச இளிச்சவாய்."